கைதட்டாத ஞாயிற்றுக்கிழமை

பினாங்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் காதில் விழுந்த முதல் வாக்கியம் இது: "அண்ணே, ஜாலான் தாண்டிப் போவணும், கெரெத்தா அங்க நிக்குது." தமிழ்தான், ஆனால் பாதி புரியவில்லை. ஜாலான் என்றால் சாலை, கெரெத்தா என்றால் கார் என்று, என்னை அழைத்துப்போக வந்திருந்த குணா விளக்கி முடிப்பதற்குள் நான் வேறு யாருடைய காரின் பின்கதவையோ திறந்து, உள்ளே இருந்த சீனக் குடும்பத்துக்கு வணக்கம் சொல்லியிருந்தேன். அவர்களும் பதிலுக்குக் கையசைத்தார்கள். அடுத்து வந்த நாட்கள் முழுக்க நான் இப்படித்தான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

நான் கும்பகோணத்தில் ஒலிப்பதிவு செய்கிறவன். கோயில் திருவிழா நாகஸ்வரம், சபாக் கச்சேரி, பள்ளி ஆண்டு விழா என்று எது வந்தாலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். குணா மலேசியாவிலிருந்து எங்கள் பக்கம் கோயில் பார்க்க வந்தபோது, ஒரு பிரகாரத்தில் நான் தவில் தனியைப் பதிவு செய்துகொண்டிருப்பதைப் பார்த்தார். மணி, கூட்டம், குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்து அப்படியே விழுந்திருந்தது அவருக்குப் பிடித்துப்போனது. "எங்க பேண்டையும் இப்படி ஆளுங்களோட சேர்த்துப் பிடிச்சுக் கொடுப்பீங்களாண்ணே?" என்றார். கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற பேண்டு வாத்தியம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். புளூஸ் ராக், லைவ் ஆல்பம் என்கிற சொற்களெல்லாம் பயணச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் வந்தன.

முதல் நாள் மாலை சூலியா தெருவில் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு சாப்பிட அழைத்துப்போனார்கள். பரிமாறுகிறவர் என் சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு, ஏதோ ஒரு கறுப்புக் குழம்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக்கொண்டே போனார். சாம்பார் ஓடிப்போய் ரசத்தைத் தொட்டாலே முகம் சுளிக்கிற ஊர்க்காரன் நான். "பாய், தனித்தனியா ஊத்தக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தனித்தனியா வேணும்னா வீட்டுலயே சாப்பிடலாம்லா. கலந்து அடிங்க." அடித்தேன். எது எந்தக் குழம்பின் ருசி என்று கடைசிவரை பிடிபடவில்லை, ஆனால் தட்டு காலியாகிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ரோஸ்லின். பேண்டில் கிட்டார் வாசித்துப் பாடுகிறவர் அவர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். குணா பாஸ் கிட்டார். பெர்னார்ட் என்கிற கனத்த மனிதர் டிரம்ஸ். மூவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஆனால் வேறு வேறு ஷிஃப்ட். மூவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு விழுகிற சனி, ஞாயிறு எப்போதாவதுதான் வரும். அப்படி ஒரு வாரக்கடைசிக்காகத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள்.

"இந்தத் தெருவுக்குப் பின்னால ஒரு பார்ல பத்து வருசமாப் பாடுறோம்ணே," என்றார் ரோஸ்லின். "டூரிஸ்ட்டுங்க வருவாங்க, பீர் குடிப்பாங்க, நல்லாத்தான் கை தட்டுவாங்க. ஆனா என் பாட்டு பூரா தமிழு. அவங்களுக்கு என்ன புரியும்? நம்ம ஆளுங்க பாருக்குள்ள வரமாட்டாங்க. ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

அதனால் தான் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிற மாதா கோயிலின் மண்டபத்தையே கேட்டு வாங்கியிருந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. அதை அப்படியே பதிவு செய்வதுதான் ஆல்பம்.

"அவங்களுக்குப் பிடிக்கலன்னா கிட்டாரைப் பொட்டியில வச்சு மூடிடுவேன். அப்புறம் யாருக்குப் பாடுறது?" என்று சிரித்தார். குணாவும் பெர்னார்டும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மண்டபத்தில் வயர்களை இழுத்துக் கட்டினோம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், உச்சியில் வரிசையாக மின்விசிறிகள். சாவியோடு வந்து கதவு திறந்துவிட்டவர் ஃபிலோமினா அக்கா, கோயில் பாடகர் குழுவின் தலைவி. அவர் கண்ணாடியின் தடிமனை நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார். "ஃபேக்டரில மைக்ராஸ்கோப் பார்த்துப் பார்த்து இப்படி ஆச்சு தம்பி. எங்க வயசுப் பொம்பளைங்க பாதிப் பேரு இந்தக் கண்ணாடிதான் போட்டிருப்போம்," என்றார். பிறகு, பாடகர் குழு முன்பு ஒருமுறை கிறிஸ்மஸ் பாட்டுகளைப் பதிவு செய்ததாகவும், ரெக்கார்டிங் என்றால் என்னவென்று தனக்கு நன்றாகவே தெரியும் என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

ஒத்திகை தொடங்கியது. ரோஸ்லின் ஒரு தந்தியை மீட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்கிறது! ஓடிப்போய் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தேன். அவர் கூட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி குறைத்தேன்.

"அண்ணே, ஏன் அதைத் தொட்டுக்கிட்டே இருக்கீங்க?"

"கிழிஞ்ச மாதிரி கேக்குதும்மா."

"கிழிஞ்சாத்தான்ணே பாட்டு."

சரி என்று ஒதுங்கி நின்றேன். அடுத்த குழப்பம் பாடலில் வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் முதல் அடியைப் பாடிவிட்டு, அதே அடியை அப்படியே இன்னொரு தடவை பாடினார். பாவம், அடுத்த அடி மறந்துபோகிறது போலிருக்கிறது என்று நினைத்து, "பெரிய எழுத்துல எழுதி எதிர்ல ஒட்டி வைக்கட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். குணா சிரித்த சிரிப்பில் பாஸ் கிட்டார் தானாக அதிர்ந்தது. புளூஸ் என்றால் அப்படித்தானாம். சொன்னதையே இரண்டாம் தடவை சொல்லிவிட்டு மூன்றாவது அடியில் போட்டு உடைப்பதாம்.

தாளம் அதைவிட மோசம். என் தொடையில் முதல் அடிக்குத் தட்டினால், பெர்னார்டின் பெரிய அடி அதற்கு அடுத்த இடத்தில் விழுந்தது. மாற்றித் தட்டினால் அதுவும் நழுவியது. முப்பது வருடமாகக் கச்சேரிகளில் தாளம் போட்ட கை இது. கடைசியில் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறன்று காலையிலேயே எல்லாம் தயார். நான் தங்கியிருந்தது பாயான் பாருவில் குணாவின் வீட்டில். குளித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, மூன்று மணிக்கு மண்டபத்தில் நிற்பதாகத் திட்டம். மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். அடுக்குமாடி வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். ஓட்டுநர் காசு கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் சந்தேகப்படுவோம். வெளிநாடு, அதனால் இப்படி ஒரு வசதி இருக்கும் என்று நம்பிவிட்டேன். எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பக்கத்து இருக்கைப் பெண், "புது ஆளாண்ணே? எந்த டிபார்ட்மெண்ட்டு?" என்று கேட்டாள்.

"ரெக்கார்டிங்," என்றேன்.

"அப்படி ஒண்ணு வந்துருச்சா? யாருமே சொல்லலையே!"

பஸ் நகரத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பாயான் லெப்பாஸ் போய், ஒரு தொழிற்சாலை வாசலுக்குள் நுழைந்து நின்றது. மதிய ஷிஃப்ட் பஸ்ஸாம் அது. காவலர் என்னையும் என் கையிலிருந்த மைக் ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் மலாய் மொழியில் ஏதோ எடுத்துச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். கடைசியில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பிய ஒரு புண்ணியவான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். மைக் ஸ்டாண்டை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. தலைக்கு மேல் அத்தனை மின்விசிறிகளும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் மைக்கில் விழுந்தால் ஆல்பத்தில் பாட்டு இருக்காது, கடகடதான் இருக்கும். கதவருகில் நின்ற ஃபிலோமினா அக்காவிடம், "அக்கா, ஃபேனை எல்லாம் நிறுத்திடுங்க, ரெக்கார்டிங்குக்குச் சத்தம் ஆகாது!" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

என் இடம் அங்கே ஒரு சாமான் அறை. பக்கத்தில் இருந்தால் டிரம்ஸ் சத்தம் காதை அடைக்கும் என்பதால் நானே தேர்ந்தெடுத்தது. கிறிஸ்மஸ் குடில் பொம்மைகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். மூன்று ராஜாக்களுக்கும் ஓர் ஒட்டகத்துக்கும் நடுவில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பதிவு நடக்கிறது என்று கூட்டத்துக்கும் தெரிவதற்காக மேடைக்கு மேலே மாட்டியிருந்த சிவப்பு விளக்கைப் போட்டேன். லைவ் ஆல்பத்தில் பாட்டு பாதி, கூட்டம் பாதி. அதற்காகக் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக்குகளைத் தனியாகத் தொங்கவிட்டிருந்தேன்.

முதல் பாட்டு நன்றாக விழுந்தது. முடிந்தது. கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

ஒன்றுமில்லை.

கூட்டத்து மைக் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதில் 'சர்ர்... சர்ர்...' என்று ஏதோ வந்துகொண்டுதான் இருந்தது. வயர் போய்விட்டது. மேசைக்கு அடியில் புகுந்து வயரை மாற்றினேன். இரண்டாம் பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை, சர்ர் மட்டும் இருந்தது. ஈரப்பதமாக இருக்கும் என்று இணைப்புகளைத் துடைத்தேன். மூன்றாம் பாட்டு முடிந்தது. அதே கதை. ஒட்டகத்தின் காலை ஒரு தடவை இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். அங்கிருந்து கூட்டம் தெரியாது, மேடை மட்டும்தான் தெரியும். ரோஸ்லின் மண்டபத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. பாட்டுக்கு நடுவில் சொல்வதற்கென்று வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டார். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். பிடிக்காத வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது. சொந்த ஊர்க்காரர்கள் ஒரு கைதட்டல்கூடத் தர மாட்டார்களா? என்ன ஜனங்கள் இவர்கள்?

கடைசிப் பாட்டு முடிந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். ஃபிலோமினா அக்கா. முகமெல்லாம் பெருமை. விரல் நுனியில் நடந்துவந்து என் காதருகே கிசுகிசுத்தார்.

"ஒரு சத்தம் வந்துச்சா தம்பி? சொல்லிவச்சிட்டேன். சிவப்பு விளக்கு எரியிறவரைக்கும் ரெக்கார்டிங் நடக்குது, யாரும் கை தட்டக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது, ரோஸ்லின் பாட்டு கெட்டுடும்னு. கிறிஸ்மஸ் பாட்டுக்கு இப்படித்தான் இருந்தோம். பச்சப் பிள்ளைங்க வாயைக்கூடப் பொத்தி வச்சிருந்தாங்க!"

நான் நிறுத்தச் சொன்னது மின்விசிறியை. அவர் நிறுத்தியது மொத்த மண்டபத்தை.

கையை நீட்டிச் சிவப்பு விளக்கின் ஸ்விட்சை அணைத்தேன். அவ்வளவுதான், மண்டபம் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள், சிரித்தார்கள், குணாவைக் கட்டிக்கொண்டார்கள். டப்பா டப்பாவாகச் சோறும் கறியும் வந்தன. ஆனால் ரோஸ்லின் இல்லை. கடைசித் தந்தி அடங்குவதற்குள் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக மோட்டார் சைக்கிளில் போய்விட்டிருந்தார்.

குணா போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். எனக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்.

"சும்மா ஆறுதல் சொல்லாதலா குணா. நான் மேடையில நின்னு பார்த்தேன். எல்லாரும் எப்படா முடியும்னு காலைப் பூசையில கொடுத்த பங்குத் தாளை வச்சு விசிறிக்கிட்டே இருந்தாங்க."

"அக்கா, இங்க எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க."

"நம்ம ஆளுங்க யாரை நல்லா இல்லன்னு சொல்லியிருக்காங்க? கோயில் விழால பிள்ளைங்க தப்பு தப்பா ஆடினாலும் நல்லா இருந்துச்சும்மான்னுதான் சொல்லுவாங்க. கை தட்டக் கூடாதுன்னு யார் சொன்னாலும், நெசமாப் பிடிச்சிருந்தா ஒரு கையாவது மீறித் தட்டியிருக்கும்." போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஊர் சபாவில் கையைக் கட்டிப்போட்டாலும் ஒருவராவது 'பேஷ்' என்று கத்திவிடுவார்.

திங்கட்கிழமை மதியம், விடுப்புப் போட்ட குணாவும் பெர்னார்டும் நானும் ரோஸ்லின் வீட்டுக்குப் போனோம். பாயான் பாருவிலேயே, நாலாவது மாடி. அவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பித் தொழிற்சாலைச் சட்டையில் இருந்தார். கிட்டார்ப் பெட்டி பூட்டப்பட்டு அலமாரியின் மேலே ஏறியிருந்தது. ஆனாலும் கோப்பி கலந்து கொடுத்தார். "பஸ்ஸு வந்துடும்ணே. சீக்கிரம் சொல்லுங்க."

கைதட்டல் இல்லாத லைவ் ஆல்பத்துக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். என் மடிக்கணினியில் கும்பகோணம் சபாக்களில் விழுந்த கைதட்டல்கள் ஏராளம். அதில் நல்லதாக ஒன்றை எடுத்து முதல் பாட்டின் முடிவில் ஒட்டிப் போட்டுக்காட்டினேன். கிழிந்த கிட்டார் ஓய்ந்ததும் வெற்றிலை மடித்த கைகள் நிதானமாகத் தட்டின. ஒருவர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் ஒருவர், "பேஷ், பேஷ்!" என்றார்.

பெர்னார்ட் கோப்பியைத் துப்பிவிட்டார். ரோஸ்லின்கூட ஒரு நொடி சிரித்தார். பிறகு, "வேணாம்ணே. பொய்க் கைதட்டு வேணாம்," என்றார்.

"சரிம்மா. இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். கூட்டத்து மைக்ல ஒரு இரைச்சல் விழுந்திருக்கு. வயர் கோளாறு. என்ன செஞ்சும் போகலை." மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் அந்த மைக்கை மட்டும் தனியாகப் போட்டேன்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

பெர்னார்ட் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மேசைமேல் விரலால் தட்ட ஆரம்பித்தார். "அண்ணே, இது வயர் இல்ல. ரெண்டுலயும் நாலுலயும் விழுது பாருங்க. என் அடி விழுற எடத்துலயே விழுது."

நான் முதல் அடிக்கே எதிர்பார்த்துப் பழகியவன். அதனால்தான் அது தாளத்தில் விழுவதே எனக்குத் தெரியவில்லை. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். சர்ர், விரல். சர்ர், விரல். அடுத்த பாட்டைப் போட்டேன். வேகமான பாட்டு, சர்ர் வேகமாக வந்தது. மூன்றாவது மெதுவான பாட்டு, சர்ரும் இழுத்து இழுத்து வந்தது. நடுவில் பேண்டு சட்டென்று நின்று மறுபடி தொடங்குகிற ஓர் இடம் உண்டு. அங்கே சர்ரும் நின்றது, சேர்ந்தே தொடங்கியது.

"தாளு," என்றார் ரோஸ்லின் மெல்ல. "பங்குத் தாளு. விசிறிக்கிட்டு இருந்தாங்களே."

மின்விசிறியை நிறுத்தினேன், கைதட்டலை ஃபிலோமினா அக்கா நிறுத்தினார், இருமலையும் அடக்கினார்கள். விசிறிக்கொள்வதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அத்தனை பேரும் மடித்த தாளால் தாளம் போட்டிருக்கிறார்கள்! அது அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். குணா மடமடவென்று ஏதோ பேச வாயெடுத்தார். ரோஸ்லின் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மைக்ராஸ்கோப் பாட்டைப் போடுங்கண்ணே."

அது அவர் தன் அம்மாவை நினைத்துக் கட்டிய பாட்டு. அம்மாவும் அந்தக் காலத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எலக்ட்ரானிக் சிப்புகளில் தங்கக் கம்பி ஒட்டியவராம். அடங்கிய குரலில் ஆரம்பித்தது.

தங்கக் கம்பி ஒட்டி ஒட்டிக் கண்ணு மங்கிப் போச்சு.

சர்ர், சர்ர் என்று தாள்கள் கூடவே போயின.

தங்கக் கம்பி ஒட்டி ஒட்டிக் கண்ணு மங்கிப் போச்சு.

இரண்டாம் தடவையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டது.

அத்தனை தங்கம் தொட்ட கைக்கு மூக்குத்திக்கும் மிஞ்சல.

நின்றுவிட்டது. ஒரு தாள்கூட அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். நாற்காலி கிறீச்சிடவில்லை, யாரும் செருமவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை, அந்த வெக்கையில், ஒருவரும் விசிறிக்கொள்ளவில்லை. கடைசித் தந்தி மெல்ல மெல்ல அடங்கிக் காற்றோடு போனது. அதன் பிறகுதான் மொத்த மண்டபமும் சேர்ந்து, சர்ர்ர்ர்ர் என்றது.

ரோஸ்லின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெர்னார்ட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கும் கண் கலங்கியது. முன்வரிசையில் அந்தத் தடித்த கண்ணாடியோடு ஃபிலோமினா அக்கா மடியில் கைவைத்து உட்கார்ந்திருப்பது அங்கே இல்லாத எனக்குக்கூடத் தெரிந்தது.

"இன்னொருவாட்டி," என்றார் ரோஸ்லின். போட்டேன். மறுபடி கேட்டார். அதையும் போட்டேன்.

கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. ரோஸ்லின் எழுந்து முகம் கழுவி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த கிட்டார்ப் பெட்டியை இறக்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். படியில் பாதி இறங்கியவர் நின்று தலையைத் தூக்கினார்.

"அண்ணே, அடுத்தவாட்டியும் ஃபேன் வேணாம்."